வலம் என்றால் ரைட்டு இல்லை

1

வெயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் திருவண்ணாமலைக்காரி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், பேருக்கு ஒரு மரம்கூட இல்லாத புது நகரில் வளர்ந்தவள். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு, காக்கா விரட்டக் குடையோடு உட்கார்ந்திருந்தவள். எங்கள் ஊர்ச் சாமியே நெருப்பு. கர்ப்பக்கிரகம் வரைக்கும் போய்விட்டு வந்தால் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர்களிடம் அரிசோனாக்காரர்கள் "வெயில் ஜாஸ்தி, பார்த்துப் போங்க" என்று சொன்னால் சிரிப்பு வராதா? வந்தது. வருஷக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிட்டது.

நாங்கள் இங்கே வந்து இறங்கிய நாளை வருஷா வருஷம் கேசரி கிண்டிக் கொண்டாடுவோம். கல்யாண நாளை என் வீட்டுக்காரர் மறந்தாலும் மறப்பார், இதை மறக்க மாட்டார். இந்த வருஷம் அந்த நாளும் பௌர்ணமியும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து தொலைத்தன. "கேசரி போர்மா, ஹைக் போலாம்" என்றாள் மகள். பாலைவனத்தில் சிவப்புப் பாறை ஒன்று, கோபுரம் மாதிரி தனியாக நிற்கிறதாம். அதைச் சுற்றி ஒரு நடைபாதை. விடியற்காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று கைபேசியில் படம் காட்டினாள்.

"மலையைச் சுத்தறதா? அது நம்ம குலத்தொழிலாச்சே!" என்றார் அவர். அத்தோடு முடிவாகிவிட்டது.

2

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் அண்ணாமலை. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். அவருடைய அண்ணன் பெயர் ஏழுமலை. அந்த வீட்டில் மலைக்குப் பஞ்சமே கிடையாது. பாஸ்போர்ட்டில் வெறும் அண்ணாமலை என்று ஒற்றைப் பெயர். இங்கேயோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னால், அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் கட்டத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்தை அச்சடித்துவிட்டார்கள். எஃப், என், யு. பல் டாக்டர் கிளினிக் வரவேற்பறையில் ஒரு பெண் அதைச் சேர்த்துப் படித்து, "மிஸ்டர் ஃப்னூ!" என்று கூப்பிட்டாள். நான் சிரித்த சிரிப்பில் இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதைத் திருத்த எத்தனை கவுண்டர், எத்தனை பாரம், எத்தனை கைரேகை! ஒரு இடத்தில் திருத்தினால் இன்னொரு இடத்தில் ஃப்னூ முளைத்துவிடுவார். கடைசியில், "பெத்தவங்க வெச்ச பேர் ஒண்ணு, கவர்மெண்ட் வெச்ச பேர் ஒண்ணு, இருந்துட்டுப் போவுது" என்று விட்டுவிட்டார்.

மகளுக்குத் தாமரை என்று ஆசை ஆசையாகப் பேர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா வாயில் அது 'டமராய்' ஆனது. டமாரம் அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டிருந்தோம். எட்டாவது படிக்கும்போது அவளே 'டமரா' என்று சுருக்கிக்கொண்டாள். "பூ பேருடீ அது! இப்ப யாரோ ரஷ்யாக்காரி மாதிரி ஆயிட்டியே" என்று புலம்பினார். அந்தப் பெயரை இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை. அதாவது, போன மாதம் வரை.

அவளுடைய தமிழ் தனி ரகம். ஊருக்குப் போனால் பெரியப்பாவை "நீ வா" என்பாள், வாசலில் படுத்திருக்கும் நாயை "வாங்க" என்பாள். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "நான் போறேன்மா" என்பாள். "போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று நானும் அவளுக்குப் பால்பல் விழுந்த நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். "வராம எங்கம்மா போகப் போறேன்? மூணு மணிக்கு பஸ் கொண்டாந்து விடுமே" என்று லாஜிக் பேசுவாள். என்றைக்காவது நல்ல மூடில் இருந்தால் முயற்சி செய்வாள். வார்த்தை தலைகீழாக வரும். "வந்துட்டுப் போறேன்மா!"

"அது விருந்தாளி சொல்றதுடி, எருமை" என்று நான் வாசல் வரை துரத்திக்கொண்டு போவேன்.

அந்த எருமைக்கு இப்போது பதினேழு முடிந்து கல்லூரி. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்து, அவர் இனிப்பு வாங்கி ஆபீசுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் பார்த்தால் கிழக்குக் கரையில், நாட்டின் அந்தக் கோடியில், ஒரு கல்லூரி இவளை வெயிட்டிங் லிஸ்டில் வைத்திருந்ததாம். எங்கள் ஊர் ரயில் டிக்கெட் கடைசி நேரத்தில் கன்ஃபர்ம் ஆகிற மாதிரி அது திடீரென்று கன்ஃபர்ம் ஆகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவள் போகிறேன் என்கிறாள், இவர் கூடாது என்கிறார்.

"இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? இங்க இல்லாத படிப்பா அங்க இருக்குது?"

"அப்பா, நீ பாதி உலகத்தைத் தாண்டி வந்தே. நான் அஞ்சு மணி நேர ஃப்ளைட்."

"நான் வந்தது வேற."

"என்ன வேற?"

பதில் இல்லாத ஆம்பளை என்ன செய்வாரோ அதைச் செய்தார். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஒரு வாரமாக இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அம்மா, கார் சாவி எங்கனு அப்பாவைக் கேளு." அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், சாவி அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பாறையைச் சுற்றப் போகிறோம், திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். நிலவரம் இதுதான்.

3

விடிகிற நேரத்தில் கார் பாலைவனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது ஏழுமலை மாமாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எங்களுக்கு விடியற்காலை என்றால் அங்கே சாயங்காலம். பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் பாதை ஓரமாகப் பானகமும் சுண்டலும் விற்கிற கடை போடுவார். திரையில் அவர் முகம் பாதி, பின்னால் போகிற ஜனம் பாதி.

"இன்னாடா தம்பி, எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"ஒரு பாறை இருக்குதுணா. சுத்திட்டு வரலாம்னு."

"பௌர்ணமி அன்னிக்கா! பாத்தியா, நீ எங்க போனாலும் அந்த அண்ணாமலையான் வுட மாட்டான். வலமா சுத்துங்கடா. மலைனா எல்லாம் ஒரே மலைதான்." சுண்டலுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு மறுபடி திரைக்குள் வந்தார். "எப்படா வர்றீங்க?"

"தீபத்துக்கு வந்துட்டுப் போறோம்ணா."

மாமா சிரித்தார். "பிளேன் ஏறும்போது போயிட்டு வரேன்னுதானடா சொன்ன? இப்ப வந்துட்டுப் போறேன்ற. எந்த ஊருடா உன் ஊரு?"

இவரும் சிரித்தார். சிரித்தபடியே, சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பின் சீட்டில் டமரா காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கிரிவலத்துக்கு அவளை ஒரே ஒரு தடவை அழைத்துப் போயிருக்கிறோம், அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது. வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்றதுமே முதல் அழுகை. வழியில் மூன்றாவது லிங்கமான எமலிங்கம் வருவதற்குள் இரண்டாவது. அதற்குப் பிறகு எட்டு லிங்கத்துக்கும் எட்டு ஐஸ்கிரீம் கேட்டாள். கடைசியில் அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு மீதி மலையைச் சுற்றினாள். மறுநாள் பெரியப்பா, "இன்னாம்மா, கிரிவலம் எப்டி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, காலை நீட்டிக் காட்டி, "கிரிவலி ரொம்ப ஜாஸ்தி" என்றாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை, காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. வலி என்றால் என்னவென்று தெரியும், வலம் என்றால் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிரிவலிதான். மாமா தன் கடை அட்டையில்கூட அப்படி எழுதி வைக்கலாமா என்று யோசித்தார்.

4

பாறை நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. சிவப்பாக, செங்குத்தாக, சுற்றி ஒன்றுமே இல்லாத பொட்டல் காட்டில் ஒற்றையாக நின்றது. இவர் காரை விட்டு இறங்கியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் என் கையும் பாதி தூரம் போயிருந்தது.

நடைபாதை பாறைக்குத் தெற்கே ஆரம்பிக்கிறது. அங்கே ஒரு பலகை, அதில் பெரிய அம்புக்குறி. வெயில் காலத்தில் எல்லோரும் இந்தப் பக்கமாகவே சுற்றுங்கள் என்று எழுதியிருந்தது. அம்பு வலது கைப் பக்கம் காட்டியது. டமரா பையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். இவர் இடது கைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"அப்பா! ஆரோ இந்தப் பக்கம்!"

"அது இடம் சுத்தறதும்மா. நாம வலமாத்தான் போகணும்."

"வலம்னா ரைட்டுதானே? நீதானே சொல்லிக் குடுத்தே? ஆரோ ரைட்டுதான் காட்டுது. நீ லெஃப்ட்ல போறே!"

"வலம்னா ரைட்டுல போறது இல்ல. மலை நம்ம ரைட்டுல இருக்கணும். அதுக்கு லெஃப்ட்ல போகணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன்? அவர் சொன்னது சத்தியம். ஆனால் தமிழ் தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்லிப் பார்த்தால், பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

"அப்பா, அவங்க சும்மா போடல. காலைல ஈஸ்ட் சைடு வெயில் கம்மியா இருக்கும்போதே தாண்டிடணும். அப்புறம் வெஸ்ட் சைடு நிழல்ல வந்துடலாம். நீ சொல்ற மாதிரி போனா முதல்ல நிழல், கடைசில அவன் மாதிரி சுடும்." அடுப்பைத்தான் அவள் அப்படி ஆங்கிலத்தில் சொன்னாள். எவனோ ஒருவன் சுடப்போகிறான் என்று நினைத்து நான் ஒரு விநாடி பயந்தேன்.

"எங்களுக்கா வெயிலு? அக்னி மலைக்காரன்டி நான். இடம் சுத்தறது சாவு வூட்டுலதான்."

"எல்லாத்துக்கும் உன் ரூல்ஸ்தான். காலேஜுக்கும் அதான், இதுக்கும் அதான்."

ஆக, பேச்சு பாறையைப் பற்றி இல்லை.

"நான் ஆரோ போற பக்கம் போறேன்," என்றாள். "நீங்க உங்க பக்கம் போங்க. நடுவுல மீட் பண்ணலாம். நான் போறேன்."

"போ," என்றார் அவர்.

வெறும் போ. அவர் அம்மா வீட்டில் பால்காரரைக்கூட யாரும் அப்படி அனுப்பியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குள் அவள் மடமடவென்று நடந்து பாறை மடிப்பில் மறைந்துவிட்டாள். நான் யார் பின்னால் போவது? பதினேழு வயதுக்காரிக்கு வழி தெரியும், பலகை படிக்கத் தெரியும். ஐம்பதை நெருங்குகிறவருக்கு இரண்டும் தெரியாது. அவர் பின்னால் போனேன்.

5

மேற்குப் பக்கம் சொர்க்கம். பாறை நிழல் குளுகுளுவென்று விழுந்திருந்தது. "பாத்தியா? பாத்தியா? இதத்தான் பெரியவங்க வலம்னு வெச்சாங்க" என்று பத்தடிக்கு ஒரு தடவை சொன்னார். பாதையில் இடது ஓரமாகவே நடந்தார். வலது பக்கம் சித்தர்கள் நடக்கிற இடமாம். திருவண்ணாமலையில் சரி, அரிசோனாவுக்கு எந்தச் சித்தர் விசா வாங்கி வந்தார் என்று கேட்டேன். "அவங்களுக்குப் பாஸ்போர்ட்டே வேணாம். அதான் சித்தர்" என்றார். ஃப்னூவுக்கு அவர்கள் மேல் பொறாமை.

எதிரே ஒரு வெள்ளைக்கார மனுஷர் ஓடி வந்தார். நின்று, தப்பான பக்கம் போகிறீர்கள் என்று பணிவாகச் சொன்னார். இவர் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில், "நாங்கள் திருவண்ணாமலை" என்றார், அது ஏதோ வியாதி மாதிரி. "ஓ, மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் ஓடிப்போனார்.

வடமேற்கு மூலையில் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே ஒரு பாறைப் பிளவு. அதன் உச்சியில் படுத்திருக்கிற மாடு மாதிரி ஒரு கல். "நந்தி! செல்வி, நந்திடி!" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். நீர்மோரை மொத்தமாகக் குடித்துத் தீர்த்தோம். நந்தியைப் பத்து கோணத்தில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பப் பார்த்தார். இப்போது நிஜமாகவே சிக்னல் இல்லை.

தண்ணீர் எங்கே என்று அப்போதுதான் கேட்டேன். தண்ணீர் முழுக்க டமரா பையில்.

"பரவால்ல, எதிர்லதானே வர்றா" என்றார்.

வடக்குப் பக்கம் வந்தோம். அவள் வரவில்லை. பாதி தூரத்துக்கு மேலே தாண்டிவிட்டோம். அவள் எங்களைவிட இரண்டு மடங்கு வேகம், இதற்குள் எதிர்ப்பட்டிருக்க வேண்டும். "போட்டோ எடுத்துக்கினு இருப்பா" என்றார். கொஞ்ச தூரம் போய், "உட்கார்ந்திருப்பா" என்றார். அதற்கும் கொஞ்ச தூரம் போய், நடையை எட்டிப் போட ஆரம்பித்தார்.

கிழக்கே திரும்பினோம். பாறைச் சுவர் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு நின்றது. முன்னால் சூரியன், பக்கத்தில் சுவர், காலுக்குக் கீழே மணல், மூன்றும் சேர்ந்து அடித்தன. எங்கள் ஊர் வெயில் யோக்கியமான வெயில். சொல்லிவிட்டு அடிக்கும். முதலில் வேர்க்கும், அப்புறம் தாகம் எடுக்கும், அப்புறம்தான் தலை சுற்றும். இங்கே ஒரு சொட்டு வேர்வை தெரியவில்லை. வந்த வேர்வை வந்த இடத்திலேயே காய்ந்துவிடுகிறது, அதனால் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நடக்கிறோம். திடீரென்று பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

ஆனால் எனக்கு நாக்கைப் பற்றிக் கவலையில்லை. இந்தப் பக்கமாகத்தான் அவள் தனியாக வந்திருக்கிறாள். கால் வழுக்கி எங்காவது கிடக்கிறாளோ? ஒவ்வொரு பாறை மடிப்பிலும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"தாமர!" என்று கத்தினார் அவர். பாறை அதையே திருப்பிச் சொன்னது. "தாமரே!"

ஒன்றும் இல்லை. பிறகு அவர் கையை வாயருகே குவித்துக்கொண்டு, "டமரா! டமரா!" என்று கத்தினார். வழியில் போகிற எவனாவது கேட்டால் அவனுக்குப் புரிய வேண்டுமே. அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீரும் வந்த வேகத்தில் காய்ந்தது.

"திரும்பிடலாமாங்க? பின்னால போயிருப்பாளோ?"

"முன்னாலதான்டி இருக்கணும். விழுந்துட்டாளோ இன்னாவோ. வா, வா." வலமும் இல்லை, இடமும் இல்லை. சித்தர் பக்கம், மனுஷப் பக்கம் என்று பார்க்காமல் பாதை முழுக்கத் தள்ளாடிக்கொண்டு போனார். "அண்ணாமலையானே, மொட்டை போடறேன்" என்று வேண்டிக்கொண்டார். அவர் தலையில் மிச்சம் இருக்கும் முடிக்கு அது பெரிய நஷ்டமில்லை, ஆனால் அப்போது எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் பேச்சு குழற ஆரம்பித்தது. நின்றார். கல்லில் உட்கார்ந்தார். அது சுட்டதற்கு எழுந்திருக்கக்கூட இல்லை. என் துப்பட்டாவை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"செல்வி," என்றார். "போன்னு சொல்ட்டேன்டி. போயிட்டு வான்னு சொல்லல. வெறும் போன்னு சொல்ட்டேன்."

"சும்மா இருங்க."

"எங்கம்மா நான் பிளேன் ஏறும்போது எத்தினி தடவை சொல்லுச்சு. போயிட்டு வா, போயிட்டு வான்னு. கேட்டு தாண்டினதுக்கப்புறமும் சொல்லிக்கினே இருந்துச்சு. நான் எம் புள்ளய…"

அவருக்கு நடக்கக் கால் இல்லை. எனக்கு அவரை விட்டுவிட்டுப் போக மனசு இல்லை. பிள்ளை எங்கே என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாமல் நான் நின்றதில்லை.

6

அப்போது எதிரே, தெற்கிலிருந்து, தூசி கிளப்பிக்கொண்டு ஒரு உருவம் ஓடி வந்தது. முதுகில் பை. முகம் தக்காளி.

"உட்காருங்க!" என்று வந்ததும் வராததுமாக அவரை அதட்டினாள். "அங்க இல்ல, இங்க! நிழல்ல! குடிங்க! மெதுவா குடிங்க! ஒரே மூச்சுல குடிக்காதீங்க, சொன்னா கேக்க மாட்டீங்களா?"

பிறந்ததிலிருந்து அப்பாவை 'நீ' என்று கூப்பிட்டவள். கோபம் வந்ததும் அவ்வளவு மரியாதை. எங்கே கற்றாள் என்று ஒரு விநாடி யோசித்தேன். அது என் குரல். நான் தினமும் அவரை அப்படித்தான் அதட்டுவேன்.

அவர் தலையில் தண்ணீரை ஊற்றினாள், கழுத்தில் ஈரத் துணி கட்டினாள். நான் அவள் பையில் போட்டு வைத்திருந்த உப்பு நார்த்தங்காயை அவர் வாயில் திணித்தாள். நடந்ததை மூச்சு வாங்கியபடி சொன்னாள். நாங்கள் நந்தியின் அடியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் பாதையில் எங்களைத் தாண்டிப் போயிருக்கிறாள். சுற்றி முடித்துக் கார் வரை போய், நாங்கள் இல்லாததைப் பார்த்து, இந்நேரம் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அங்கிருந்த பூங்காக் காவலரிடம் சொன்னதற்கு, இங்கேயே இரு, நாங்கள் போகிறோம் என்றாராம். இவள் எங்கே இருந்தாள்? முதல் சுற்று முடிந்த காலோடு இரண்டாவது சுற்றுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"கால் எப்டிடா இருக்குது?" என்றார் அவர், முதல் முறையாகத் தெளிவான குரலில்.

"கிரிவலி ரொம்ப ஜாஸ்தி," என்றாள். சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவரும் அழுதார். நான் மிச்சத் தண்ணீரைக் குடித்தேன். யாராவது ஒருவர் தெளிவாக இருக்க வேண்டுமே.

காவலர் கொஞ்ச நேரத்தில் ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தார். மெல்ல நடத்தி அழைத்துப் போய், ஆரம்ப இடத்துக் கூரை நிழலில் உட்கார வைத்தார். அவர்களுக்கு எதற்கும் ஒரு பாரம் உண்டு. முதல் பெயர் கேட்டார். இவர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"மிஸ்டர் ஃப்னூ," என்றார் காவலர் கவலையோடு, "எந்தப் பக்கமாகப் போனீர்கள்?"

டமரா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் தாங்கவில்லை. இவரும் சிரித்துவிட்டார். காவலர் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெயில் மூளையைத் தொட்டுவிட்டதா என்று சோதிக்க இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

"ஞாயிறு," என்றார் இவர். காவலர் போனதும் என்னைப் பார்க்காமல், என் வழியாகப் பேசாமல், நேராக அவளிடமே கேட்டார். "நாளைக்குத் திங்கக்கெழமைல்ல? பதில் சொல்லணும்ல?"

"ம்."

"அந்தத் தூரத்துக் காலேஜ்தானே வேணும்?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

ஈரத் துணியைக் கழுத்திலிருந்து அவிழ்த்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். துடைக்க ரொம்ப நேரம் ஆனது.

"போயிட்டு வா," என்றார்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரிப்பா," என்றாள். "தீபாவளிக்கு லீவு குடுக்க மாட்டாங்க. டிசம்பர்ல வந்துட்டுப் போறேன்."

பழக்க தோஷம், திருத்துவதற்கு என் வாய் தானாகத் திறந்தது. இவர் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்கிற மாதிரி. நானும் பார்த்தேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்து, கார் சாவியை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன்.